உளுந்தில் பிறக்கும் அமிலமும் ஓர் ஆத்தாவின் அச்சமும்

சென்ற இதழில் தூக்கத்தைப் பற்றி எழுதியபோது டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை ஒரே வரியில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இத்தனை கடிதங்கள். தேவகோட்டையிலிருந்து வந்ததை மூன்று முறை படித்தேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, நான் சென்னையில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, என் ஆத்தாவும் இதே கவலையோடு இதே கேள்வியைக் கேட்டார். அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆகவே அந்தக் கடிதத்துக்கு இன்று அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் சென்னையில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஆடிக்கு வீட்டுக்கு வந்தவள், ஆய்வுக்காக எலிகளின் மூளைக்குள் குயினோலினிக் அமிலம் என்ற ஒன்றைச் செலுத்துவதாகச் சொன்னாள். அது மூளையின் நரம்பு செல்களைக் கொல்லும் நஞ்சாம். அதைவிட என்னைக் கலக்கியது வேறு. உளுந்திலும் பாலிலும் நிலக்கடலையிலும் உள்ள டிரிப்டோபேனிலிருந்து அந்த நஞ்சு நம் உடம்பிலேயே உண்டாகிறதாம். அன்றிலிருந்து நான்கு வயதுப் பேரனுக்கு உளுந்து மாவு இனிப்பான கும்மாயம் கிண்டிக் கொடுக்கவில்லை. இரவுப் பாலையும் நிறுத்திவிட்டேன். நான் செய்தது சரியா? என் மகளுக்கு ஆபத்து உண்டா?
— ஓர் ஆத்தா, தேவகோட்டை

பதில்: ஆச்சி, பேரனுக்கு இன்றிரவே பால் கொடுங்கள். வரும் வெள்ளிக்கிழமை கும்மாயமும் கிண்டிக் கொடுங்கள். அன்பினால்தான் நிறுத்தினீர்கள், ஆனால் வளரும் பிள்ளைக்கு எது தேவையோ அதையே நிறுத்தியிருக்கிறீர்கள்.

உங்கள் மகள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. குயினோலினிக் அமிலம் நரம்பு செல்களைக் கொல்லக்கூடியது. அது டிரிப்டோபேனிலிருந்து பிறக்கிறது. இரண்டும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவில் சொல்லாமல் விட்டுப்போன சங்கதியைத்தான் நான் சொல்ல வேண்டும்.

டிரிப்டோபேனை நம் உடம்பால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும். வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாள்தோறும் 4 மில்லிகிராம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 240 மில்லிகிராம். பிள்ளைகளுக்கு, எடைக்கு எடை பார்த்தால், இன்னும் கூடுதலாக வேண்டும். 200 மில்லி பாலில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் கிடைக்கிறது. தசையும் தோலும் இரத்தமும் கட்டுவதற்கு இதில் ஒரு பகுதி போகிறது. ஒரு சிறு பங்கு மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனினாகவும், இரவில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனினாகவும் மாறுகிறது. உடம்பு சிதைத்துப் பயன்படுத்தும் டிரிப்டோபேனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் ‘கைனூரெனின் பாதை’ என்ற ஒரே வழியில், பெரும்பாலும் ஈரலில், போகிறது.

நம் ஊர் வீடுகளின் முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நிலைகள் ஒரே நேராகத் தெரியும் அல்லவா? கைனூரெனின் பாதையும் அப்படிக் கட்டுக்கட்டாக அமைந்த வீடுதான். ஒவ்வொரு நிலையிலும் ஒரு நொதி நின்றுகொண்டு, வந்த பொருளைச் சற்றே மாற்றி அடுத்த கட்டுக்கு அனுப்புகிறது. டிரிப்டோபேன் கைனூரெனின் ஆகிறது. இன்னும் சில கட்டுகள் தாண்டிக் குயினோலினிக் அமிலம் ஆகிறது. அங்கேயும் அது தங்குவதற்கு வரவில்லை. கியூ.பி.ஆர்.டி. என்ற நொதி அதிலிருந்து ஒரு கரியமில வாயு மூலக்கூற்றைக் கழற்றி, அடுத்த சில படிகளில் அது என்.ஏ.டி. என்ற பொருளாவதற்கு வழிசெய்கிறது. என்.ஏ.டி. இல்லாமல் உடம்பின் எந்த செல்லும் சர்க்கரையை எரித்து ஆற்றல் எடுக்க முடியாது. உங்கள் பேரன் வளவைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறானே, அந்த ஓட்டத்தில் குயினோலினிக் அமிலத்தின் வழியாக வந்த என்.ஏ.டி.க்கும் பங்கு இருக்கிறது.

அப்படியானால் அதை நஞ்சு என்று ஏன் சொல்கிறார்கள்? அது எந்த இடத்தில் சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது என்பதில் இருக்கிறது விடை. இரத்தத்திலுள்ள குயினோலினிக் அமிலம் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதைப் பெரும்பாலும் மறித்துவிடுகிறது. கைனூரெனின் அப்படியல்ல, அதற்கு அந்தத் தடுப்பில் வழி உண்டு. மூளைக்குள் போன கைனூரெனினை மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் குயினோலினிக் அமிலமாக மாற்றக்கூடும். உடம்பில் கடுமையான தொற்றோ அழற்சியோ வரும்போது, இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் இந்தப் பாதையின் முதல் கதவை அகலத் திறந்துவிடுகிறது. வரத்து பெருகுகிறது. ஆனால் மூளையில் கடைசிக் கதவில் நிற்கும் கியூ.பி.ஆர்.டி.யின் வேகம் குறைவு. பொருள் தேங்குகிறது. எச்.ஐ.வி. தொற்று முற்றி மறதிநோய் வந்தவர்களின் மூளைத் தண்டுவட நீரில் இந்த அமிலம் பல மடங்கு கூடியிருந்ததை அளந்து கண்டிருக்கிறார்கள். மூளையைத் தாக்கும் மலேரியாவிலும் அது கூடுகிறது. அந்த நோயாளிகள் யாரும் கும்மாயம் சாப்பிட்டதால் அந்த நிலைக்கு வந்தவர்கள் அல்லர். தேக்கத்தை உண்டாக்குவது நோய். நாம் உண்ணும் உணவின் அளவை ஈரல் தாராளமாகச் சமாளித்துவிடும்.

இனி அளவைப் பார்ப்போம். ஆரோக்கியமான ஒருவரின் மூளைத் தண்டுவட நீரில் இது நானோமோல் கணக்கில்தான், அதாவது மிக மிகச் சிறிய அளவில்தான் இருக்கும். உங்கள் மகள் எலியின் மூளையில் ஒரு மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திரவத்தை, ஒரே இடத்தில் செலுத்துவாள். அந்தத் துளியின் செறிவு இயல்பானதைப் போலப் பல லட்சம் மடங்கு. ஆய்வுக்கூடத்தில் அது செய்கிற வேலையை வைத்து உங்கள் அடுப்படியை எடைபோட்டால் கணக்கு தப்பிவிடும்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் அணிந்து, புகைபோக்கி உள்ள அறைக்குள் தூளை நிறுத்தெடுத்தால் ஆபத்து மிகக் குறைவு. தோலில் பட்டாலும் கண்ணில் பட்டாலும் எரிச்சல் தரும். தூள் மூச்சில் போகக் கூடாது. ஊசி விரலில் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மகளிடம் நான் சொன்னதாக இன்னொன்றும் சொல்லுங்கள். கரைசலைச் செலுத்துவதற்கு முன்பு அதன் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 7.4 இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பெயரிலேயே அமிலம் என்று இருக்கும் பொருள் அது. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சமன் செய்யாவிட்டால் புளிப்பே திசுவைப் பொசுக்கிவிடும். 1987-ல் நான் அதைப் பார்க்கத் தவறினேன். எட்டு எலிகளுக்குச் செலுத்தி முடித்த பிறகுதான் என் வழிகாட்டி பி.எச். என்ன என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூளையில் இருந்த காயம் நஞ்சால் வந்ததா, வெறும் புளிப்பால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று. எட்டு உயிர்களும் வீண். இன்றும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கேள்வி: எங்கள் பாடத்தில் “குயினோலினிக் அமிலத்தைக் கொண்டு ஹண்டிங்டன் நோயின் மாதிரியை எலிகளில் உருவாக்கலாம்” என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. உடம்பிலேயே உள்ள பொருள் நோய்க்கு மாதிரியானது எப்படி? பெயரில் குயினோலின் எங்கிருந்து வந்தது?
— முதுகலை மாணவர், காரைக்குடி

பதில்: தம்பி, பெயரை முதலில் முடித்துவிடுகிறேன். குயினோலின் என்பது நிலக்கரித் தாரிலிருந்தும், மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா மரப்பட்டையின் சத்துகளைச் சிதைத்தும் 19-ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் எடுத்த ஓர் எண்ணெய். அதை ஆக்சிஜனேற்றம் செய்தால் கிடைப்பது குயினோலினிக் அமிலம். உடம்பில் இது இருக்கிறது என்று அறிவதற்கு நெடுநாள் முன்பே குடுவையில் இதைச் செய்துவிட்டார்கள். அதனால்தான் உடம்போடு ஒட்டாத பெயர்.

அதன் நெருங்கிய உறவுக்கு நேர்மாறான பிறப்பு. 1853-ல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் நாயின் சிறுநீரில் ஒரு புதிய அமிலத்தைக் கண்டார். நாய், சிறுநீர் இரண்டுக்குமான கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வந்த பெயர்தான் கைனூரெனிக் அமிலம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். டிரிப்டோபேனையே ஹாப்கின்சும் கோலும் பிரித்தெடுத்தது 1901-ல்தான்.

குயினோலினிக் அமிலம் மூளையில் ஏதோ செய்கிறது என்று முதலில் காட்டியவர் லெனின்கிராடில் இருந்த லாபின். 1978-ல் அவர் சுண்டெலிகளின் மூளை அறைகளுக்குள் அதைச் செலுத்தினார். அவற்றுக்கு வலிப்பு வந்தது. மூன்று ஆண்டு கழித்து பிரிட்டனில் ஸ்டோனும் பெர்கின்சும் அதன் காரணத்தைத் தொட்டார்கள். நரம்பு செல்களின் மேல், குளூட்டமேட் என்ற செய்தி கடத்தும் பொருளுக்காக அமைந்த ஏற்பிகளில் என்.எம்.டி.ஏ. என்ற ஒரு வகை உண்டு. குயினோலினிக் அமிலம் அந்தப் பூட்டில் சாவியாகப் பொருந்துகிறது. பூட்டு திறந்தால் கால்சியம் உள்ளே வரும். அளவாக வந்தால் கற்றலும் நினைவும் நடக்கும். திறந்தது மூடாமலேயே இருந்தால், செல் தன்னுடைய நொதிகளாலேயே செரிக்கப்பட்டுச் சாகும். 1983-ல் பால்டிமோரில் ஷ்வார்ஸ் குழுவினர் எலிகளின் மூளையில் அந்தச் சாவைக் கண்ணால் காட்டினார்கள்: செலுத்திய இடத்தில் நரம்பு செல்கள் அழிந்தன, அந்த வழியாக வேறெங்கோ செல்லும் நரம்பிழைகள் தப்பின.

இங்கேதான் உங்கள் பாடத்தின் வரி வருகிறது. கையையும் காலையும் தம் போக்கில் ஆடவைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோயில், மூளையின் அடியாழத்தில் உள்ள ஸ்டிரையேட்டம் என்ற பகுதி சுருங்குகிறது. ஆனால் அங்குள்ள எல்லா செல்களும் சாவதில்லை. ஒரு வகை செல்கள் சாக, பக்கத்திலேயே இன்னொரு வகை பிழைத்திருக்கும். அதற்கு முன்பு மாதிரி உருவாக்கப் பயன்பட்டது கெயினிக் அமிலம். அது கடற்பாசியிலிருந்து எடுப்பது. ஜப்பானில் குடல்புழுவுக்கு மருந்தாகக் கொடுத்த பொருள். அது எதையும் பார்க்காமல் அழித்துவிடும். 1986-ல் பாஸ்டனில் பீல் குழுவினர் குயினோலினிக் அமிலத்தைச் செலுத்தியபோது, நோயில் தப்புகிற அதே வகை செல்கள் எலியிலும் பெரும்பாலும் தப்பின. அந்த ஒற்றுமைதான் அதை மாதிரி ஆக்கியது.

நான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது அந்தக் கட்டுரை வந்த புதிதில். மயக்க மருந்து கொடுத்த எலியின் தலையை அசையாத சட்டத்தில் பொருத்தி, மண்டையோட்டின் தையல்கள் சந்திக்கும் இடத்திலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, ஒரு மைக்ரோலிட்டரைச் செலுத்தப் பல நிமிடம் எடுத்துக்கொள்வோம். செலுத்திய பிறகும் ஊசியை உடனே இழுக்கக் கூடாது. இழுத்தால் திரவம் ஊசித்தடத்தின் வழியே மேலே வந்துவிடும். மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் செலுத்திய எலிக்குச் சில வாரம் கழித்து அப்போமார்ஃபின் என்ற மருந்தைக் கொடுத்தால், காயம்பட்ட பக்கமாகவே அது சுற்றிச் சுற்றி வரும். சுற்றுகளை எண்ணினால் சேதத்தை மதிப்பிடலாம். வட்டத் தொட்டியின் அருகில் உட்கார்ந்து நான் எண்ணிய சுற்றுகளுக்குக் கணக்கே இல்லை. பிறகு மூளையைச் சீவிப் பார்த்தால், ஒரு பக்க ஸ்டிரையேட்டம் சுருங்கி, அருகிலுள்ள மூளை அறை விரிந்திருக்கும்.

தேர்வுக்கு எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஹண்டிங்டன் நோயின் மூலம் குயினோலினிக் அமிலம் அல்ல. நான்காம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற எழுத்துத் தொடர் அளவுக்கு மீறி நீள்வதுதான் மூலம். அது 1993-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஊசியால் வந்த காயம் சில நாளில் முடிந்துவிடுகிறது. நோயோ பல ஆண்டுகளாக அரிக்கிறது. மாதிரியை நோயாகவே எண்ணிக்கொண்டு எழுதப்பட்ட விடைத்தாள்களை நான் ஆண்டுதோறும் திருத்தியிருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

லீபிக்கின் அமிலத்துக்கு வருகிறேன். அதே கைனூரெனினிலிருந்து பிரியும் இன்னொரு கிளை அது. அது என்.எம்.டி.ஏ. பூட்டைத் திறப்பதில்லை, அடைக்கிறது. மைக்ரோகிளியா குயினோலினிக் அமிலத்தைச் செய்கிறது. ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவச் செல்கள் கைனூரெனிக் அமிலத்தைச் செய்கின்றன. ஒரே வீட்டில் பிறந்த இரு பங்காளிகள், ஒருவர் செய்வதை மற்றவர் மறிக்கிறார்கள். இந்த இருவருக்கும் இடையில் உள்ள விகிதத்தை மருந்தால் மாற்ற முடியுமா என்பதுதான் இந்தத் துறையில் இன்று பலர் உழைக்கும் கேள்வி. ஆய்வுக்கு வர நினைத்தால் இங்கே வாருங்கள், தம்பி. வேலை நிறைய இருக்கிறது.

கேள்வி: தூக்கம் வருவதற்கு டிரிப்டோபேன் மாத்திரை நல்லது என்று நண்பர் வெளிநாட்டிலிருந்து ஒரு புட்டி வாங்கி வந்து கொடுத்தார். சாப்பிடலாமா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பள்ளத்தூர்

பதில்: மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். அதிலும் மனச்சோர்வுக்கான மாத்திரை ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் திறக்கவே வேண்டாம். இரண்டும் சேர்ந்து செரோடோனினை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். 1989-ல் அமெரிக்காவில் டிரிப்டோபேன் மாத்திரை சாப்பிட்ட 1,500 பேருக்கு மேல் கடுமையான தசைவலி நோய்க்கு ஆளானார்கள். 30 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் ஒரே தயாரிப்பாளரின் சரக்கில் கலந்திருந்த மாசுகளோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. உணவில் புரதத்தோடு வரும் டிரிப்டோபேன் வேறு. தனியாகப் பிரித்து மாத்திரையில் அடைத்து விழுங்குவது வேறு. இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்துவிட்டு ஒரு தம்ளர் பால் குடியுங்கள். அதன் பிறகும் தூக்கம் வராவிட்டால் அதற்கான காரணத்தைத்தான் தேட வேண்டும்.

கேள்வி: என் மாமனாருக்குக் காசநோய் மருந்துகளோடு பி6 மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். “சத்து மாத்திரைதானே” என்று அவர் அதை மட்டும் ஒதுக்கிவிடுகிறார். விட்டுவிடலாமா?
— ஒரு மருமகள், புதுவயல்

பதில்: விடவே கூடாது. உங்கள் மாமனாரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

என் அப்பச்சி ரங்கூனில் கடையில் இருந்துவிட்டு 1964-ல் வெறுங்கையோடு திரும்பியவர். 1971-ல் அவருக்குக் காசநோய் கண்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு மருத்துவமனையில் ஐசோநையசிட் கொடுத்தார்கள், பி6 கொடுக்கவில்லை. இருமல் நின்றது, எடை கூடியது, வீடே மகிழ்ந்தது. மூன்றாம் மாதம் உள்ளங்கால்கள் எரிய ஆரம்பித்தன. இரவில் படுக்க முடியாமல், ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் வெறுங்காலோடு நின்றுகொண்டே இருப்பார். அந்தக் கல்லின் குளிர்ச்சிதான் அவருக்கு மருந்து. விடியும் வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த உருவம் என்னை விட்டுப் போகவில்லை. நான் உயிர்வேதியியல் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேறொரு மருத்துவர்தான் பி6 எழுதிக் கொடுத்தார். எரிச்சல் மெல்ல மெல்லக் குறைந்தது.

ஐசோநையசிட் காசநோய்க் கிருமியைக் கொல்கிறது. கூடவே உடம்பிலுள்ள பி6-ஐயும் கட்டிப்போட்டு வெளியேற்றிவிடுகிறது. பி6 குறைந்தால் நரம்பு வாடும். கைனூரெனின் பாதையும் தடைபடும், ஏனென்றால் அதில் நடுக்கதவில் நிற்கும் நொதிக்கு பி6 வேண்டும். அந்தக் கதவு அடைபட்டால் பொருள் பக்கவழியில் ஒதுங்கி சாந்துரெனிக் அமிலமாகிச் சிறுநீரில் போகும். இரும்பு உப்பைச் சேர்த்தால் அது பச்சை நிறம் காட்டும். கல்லூரியில் முதன்முதலாக அந்தப் பச்சையைச் சோதனைக் குழாயில் பார்த்தபோது எனக்கு அப்பச்சியின் பாதங்கள்தான் நினைவுக்கு வந்தன.

பாதை அடைபடுவதால் இன்னொரு நட்டமும் உண்டு. அதைத் தேவகோட்டை ஆச்சியும் படிக்க வேண்டும். நியாசின் என்ற வைட்டமின் குறைந்தால் பெல்லாக்ரா என்ற நோய் வரும்: வெயில் படும் தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு வரும், புத்தி தடுமாறும், கடைசியில் உயிர் போகும். நியாசின்தான் மருந்து என்பது எல்வெஹெம் என்பவரால் 1937-ல் தெரிந்தது. ஆனால் ஒரு புதிர் எஞ்சியது. பாலில் நியாசின் மிகக் குறைவு. ஆனாலும் பால் பெல்லாக்ராவைத் தடுத்தது, குணப்படுத்தியது. 1945-ல் எலிகளை வைத்து கிரெல் குழுவினர் அதை அவிழ்த்தார்கள். பாலில் உள்ள டிரிப்டோபேனைக் கொண்டு நியாசின் செய்யும் வேலையை உடம்பு நடத்திக்கொள்கிறது. 60 மில்லிகிராம் டிரிப்டோபேன் 1 மில்லிகிராம் நியாசினுக்குச் சமம் என்று இன்று கணக்கிடுகிறார்கள். அந்த மாற்றம் எந்த வழியாக நடக்கிறது? குயினோலினிக் அமிலத்தின் வழியாகத்தான். எலிக்கு மூளைக்காயம் உண்டாக்கும் அதே மூலக்கூறு, ஈரலில் ஒரு கணம் தோன்றி மறையும்போது பெல்லாக்ராவிலிருந்து மனிதரைக் காக்கிறது.

நம் நாட்டிலும் இந்தக் கதை உண்டு. தக்காணத்தில் சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழைகளிடம் பெல்லாக்ரா ஏன் வருகிறது என்று ஹைதராபாதில் சி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் ஆராய்ந்தார்கள். சோளத்தில் மிகுதியாக உள்ள லூசின் என்ற அமினோ அமிலம் இந்தப் பாதையைக் குலைக்கிறது என்று 1960-ல் எழுதினார்கள். பிற்காலத்தில் எல்லா ஆய்வுகளும் அதற்கு ஒத்துவரவில்லை. ஆனாலும் ஏழையின் தட்டிலிருந்து கேள்வியை எடுத்து மூலக்கூறு வரை கொண்டுபோன அந்த வழிமுறைக்கு நான் தலைவணங்குகிறேன்.

உங்கள் மாமனாருக்குப் பி6 மாத்திரையை உங்கள் கையாலேயே எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: நீண்ட நாள் மனச்சோர்வு உள்ளது. குயினோலினிக் அமிலம்தான் காரணம் என்றும், இரத்தத்தில் அதை அளந்து பார்க்க வேண்டும் என்றும் ஒருவர் சொல்கிறார்.
— ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: அந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். மனச்சோர்வை அதைக் கொண்டு கண்டறியும் முறை மருத்துவத்தில் இல்லை. அழற்சிக்கும் மனச்சோர்வுக்கும் இந்தப் பாதை வழியே தொடர்பு இருக்கிறது என்பது உண்மைதான். ஈரல் அழற்சி சி வகைக்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா கொடுத்த காலத்தில் நோயாளிகள் பலருக்கு மனச்சோர்வு வந்தது. அவர்களிடம் டிரிப்டோபேன் குறைந்து கைனூரெனின் கூடியிருந்தது. 2014-ல் ஸ்வீடனில் சுண்டெலிகளில் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பயிற்சி பெற்ற தசை, இரத்தத்திலுள்ள கைனூரெனினைக் கைனூரெனிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அந்த வடிவத்தில் அது மூளைக்குள் நுழைய முடியாது. மூளைக்குப் போகும் சரக்கைக் கால் தசை வழியிலேயே இறக்கிவிடுகிறது என்று சொல்லலாம். மனிதருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பது இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் காலையில் ஊருணியைச் சுற்றி நான்கு முறை நடப்பதில் யாருக்கும் நட்டம் இல்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முடிந்தால் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு நடங்கள்.

கேள்வி: நாங்கள் எறும்புக்கும் அரிசி மாவில் கோலம் போடுகிறவர்கள். வாயில்லாத பிராணியின் மூளையில் நஞ்சை ஏற்றிப் படிக்கும் படிப்பு தர்மமா?
— ஒரு பெரியவர், கோனாபட்டு

பதில்: ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்காமல் அந்த அறைக்குள் யாரும் நுழையக் கூடாது என்பது என் கருத்து. தர்மம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. தேவை என்று சொல்வேன். ஹண்டிங்டன் நோய் வந்த குடும்பத்தில் தகப்பனுக்கு அந்த மரபணு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு. அப்படி ஒரு குடும்பத்தை நான் அறிவேன். நாற்பது வயதில் கையும் காலும் தம் போக்கில் ஆடத் தொடங்கிய தகப்பனை, பிள்ளைகள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு மருந்து வேண்டும். அந்த மருந்தை முதலில் அவர்கள் மீதே சோதிக்க முடியாது.

ஆனால் தேவை என்ற ஒரு சொல் எல்லாவற்றுக்கும் அனுமதி ஆகிவிடாது. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி இதற்குக் கட்டுப்பாடு உண்டு. நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் ஓர் எலியைக்கூடத் தொட முடியாது. எத்தனை எலி, ஏன் அத்தனை, உயிரில்லாத முறையில் இதையே செய்ய முடியாதா, வலிக்கு என்ன மருந்து என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி என்ற மூன்று விதிகளை ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-லேயே வகுத்துவிட்டார்கள். இன்று நரம்பு செல்களைத் தட்டில் வளர்த்து, அதில் குயினோலினிக் அமிலத்தை விட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. எலியில்லாமல் முடியும் வேலையை எலியில் செய்வது பாவம் என்றே நான் மாணவர்களிடம் சொல்லி வந்தேன்; அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினேன்.

என் ஆய்வுக் குறிப்பேடு இன்னும் இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்கிறது. 62 எலிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், எடை, செலுத்திய நாள், கடைசி நாள். பி.எச். பார்க்காமல் நான் வீணாக்கிய எட்டின் எண்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். ஆய்வு செய்யும் பிள்ளைகள் யார் என் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன். தேவகோட்டை ஆச்சியின் மகளும் அடுத்த முறை ஊருக்கு வரும்போது வரட்டும்.